பெட்டியில் அழிச்சாச்சா?

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் ஃபார்மேட் போடச் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். விண்டோஸ் ஏறி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் உங்களால் முடியவில்லை, உடனே போனை எடுத்துவிடுகிறீர்கள். போகட்டும்.

ஆரணியில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கடை போட்டபோது, வருகிறவர்கள் எல்லோரும் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து "சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான்தான் சார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, பிறகு "சார் வெளியே போயிருக்கார், குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வேலை முடிந்து பொருளை வாங்கிப் போகும்போது "சார் நல்லா பண்ணியிருக்காரு" என்பார்கள். சரி, சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்பேன். இப்போது கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்து ஸ்குரூ முடுக்க முடியவில்லை. அந்த சாருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே நாளில் ஓய்வு கிடைத்துவிட்டது.

உங்களிடம் ஹேக் ஆன கம்ப்யூட்டர் வரும். இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. கொண்டு வருகிறவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார், ஃபார்மேட் போட்டுக் குடுங்க. ஃபார்மேட் எல்லோருக்கும் பிடித்த வைத்தியம். அதற்குக் காரணம் இருக்கிறது. நடந்தது என்ன, எந்த வழியாக வந்தான், யார் கதவைத் திறந்து வைத்தது என்ற கேள்விகளெல்லாம் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். டிஸ்க்கைவிடக் கேள்விகளை அழிக்கத்தான் மனிதர்களுக்கு அவசரம். நம் வேலை அந்தப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் இருக்கிறது. தட்சிணாமூர்த்தி வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

தட்சிணாமூர்த்தி நம் ஊர்ப் பட்டு முதலாளி. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் டிசைனும் கொடுத்து, நெய்து வரும் சேலைகளைச் சென்னைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். அவர் வீட்டு உள் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் டிசைன் வரைகிறவள் ஜெயந்தி. அட்டையில் ஓட்டை போட்டுத் தறிமேல் கோத்துத் தொங்கவிட்ட வேலை இப்போது அந்தத் தறிகளில் இல்லை. தறிக்கு மேலே ஒரு எலக்ட்ரானிக் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஜெயந்தி வரைந்த டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், நெசவாளி அதைப் பெட்டியில் ஏற்றிக்கொள்வார். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு காலையில் ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், ஒரு டிசைனும் தொறக்க மாட்டேங்குது. எல்லா ஃபைல் பேருக்கும் பின்னாடி வாலு மாதிரி என்னமோ ஒட்டிகினு இருக்குது."

"யாராவது ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"மொதலாளி பண்ணிகினேதான் இருக்காரு."

"நெட் ஒயரப் புடுங்கிடும்மா. நான் வர்ற வரைக்கும் அவரைத் தள்ளி உக்காரச் சொல்லு."

நான் போனபோது அவர் தள்ளி உட்காரவில்லை. திரைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம் என்ற வழக்கமான பாட்டு. நீங்களும் பார்ப்பீர்கள். பிழையில்லாத, மரியாதையான ஆங்கிலத்தில் இருக்கும்.

"மேடம், ஜல்தியா ஒரு ஃபார்மேட் போட்டுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள பென் டிரைவு போவணும்" என்றார்.

"ஃபார்மேட் போட்டா மிஷின் ஓடும். டிசைன் வராதுங்க."

"போன வாட்டி பேஜார் பண்ணப்ப நீங்கதான போட்டீங்க? எல்லாம் வந்துச்சே."

"அப்ப அது விண்டோஸ் கெட்டுப் போனது. இப்ப எவனோ உங்க டிசைன ஒவ்வொண்ணா எடுத்துப் பூட்டுப் போட்டிருக்கான்."

அவருடைய அவசரம் என்ன என்பதை ஜெயந்திதான் சொன்னாள். சென்னைக் கடையில் ஒரு கல்யாண வீட்டார் வந்து, தட்சிணாமூர்த்தி முன்பு கொடுத்திருந்த மாதிரிச் சேலை ஒன்று பிடித்துப்போய், வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அதே டிசைனில் வேறு வேறு நிறத்தில் கேட்டிருக்கிறார்கள். நிறம் ஏற்றிய பாவெல்லாம் முள்ளிப்பட்டுத் தறிகளில் ஏறியாகிவிட்டது. டிசைன் மட்டும்தான் போக வேண்டும். போகாவிட்டால் அந்தத் தறிகள் பாவோடு நிற்கும். கடைக்காரர் வேறு முதலாளியைப் பார்ப்பார், அப்படிப் போன கடை திரும்பி வராது.

"நீ திருப்பி வரைய முடியாதா?" என்று கேட்டேன்.

"முந்தானை மட்டும் வரையறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சி, பொண்ணு மறுவீட்டுக்கும் போய்ட்டு வந்துடும் மேடம்."

பேக்கப் டிஸ்க் எங்கே என்றேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் காட்டினாள். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கிடந்தன. பொட்டு வைத்த இடத்திலிருந்து யாரும் அதை நகர்த்தவில்லை, ஒயரையும் கழற்றவில்லை. எப்போதும் மாட்டியே இருந்ததால், பூட்டியவன் அதற்குள்ளும் நிதானமாகப் போய்ப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். இரும்புப் பெட்டியின் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

அடுத்து நடந்ததுதான் எல்லா இடத்திலும் நடப்பது. "இவதான் எதையோ அமுக்கியிருப்பா" என்று தட்சிணாமூர்த்தி ஜெயந்தியைக் காட்டினார். ஜெயந்தி தரையைப் பார்த்தாள். உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்களில் சம்பளம் குறைவாக வாங்குகிறவர் யாரோ, அவர் தலையில்தான் முதல் பழி விழும். நீங்கள் அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் மிஷினைப் பாருங்கள்.

மிஷினைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்யும் ஒரு ரிமோட் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். டிசைன் சாஃப்ட்வேர் விற்றவர் வடக்கே எங்கோ இருக்கிறார், ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தபடியே வந்து சரிசெய்வார், அதற்காகப் போட்டது என்றாள் ஜெயந்தி.

"வேலை முடிஞ்சதும் மூடிடுவீங்களா?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சாமி படத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் தொறந்து வுடறது பேஜார்னு நான்தான் அப்படியே இருக்கட்டும்னேன்" என்றார்.

"பாஸ்வேர்டு?"

அவர் பட்டு வியாபாரத்தின் பெயர்தான் பாஸ்வேர்டு. வீட்டு வாசலில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் அதே பெயர். அதற்குப் பிறகு அவர் ஜெயந்தியைப் பற்றிப் பேசவில்லை.

அவர் மைத்துனர் வந்து, பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றார். கட்டினால் திறப்பான் என்று நான் சொல்லமாட்டேன், திறக்கமாட்டான் என்றும் சொல்லமாட்டேன், ஆனால் கேட்டால் கொடுக்கிற வீடு இது என்று அவனுக்குத் தெரிந்துபோகும் என்றேன். முதலில் சைபர் கிரைமில் புகார் கொடுங்கள் என்றேன். பூட்டிய டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டுத் தேதி எழுதி, அலமாரியில் வைக்கச் சொன்னேன். புது டிஸ்க் வாங்கி அதில்தான் விண்டோஸ் போடுவேன் என்றதும் தட்சிணாமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூட்டிப் போட்டத வெச்சிகினு என்ன பண்றது? அதுக்கும் பூஜ போடணுமா?"

"இந்தப் பூட்டுக்கு என்னிக்காவது ஒருத்தன் சாவி கண்டுபிடிச்சி சும்மா குடுப்பான். அன்னிக்கு டிஸ்க் இருக்கணும்ங்க. ஃபார்மேட் போட்டுட்டா அப்ப சாவி இருக்கும், வீடு இருக்காது."

புதிய விண்டோஸ் போட்டேன். இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கியது. ரிமோட் கிடையாது. ஜெயந்தி வேலை செய்ய ஒரு கணக்கு, புது மென்பொருள் போட வேண்டுமானால் வேறு பாஸ்வேர்டோடு வேறு கணக்கு. டிசைன் மிஷினுக்கு இன்டர்நெட்டே வேண்டாம், வியாபாரத்தின் மெயிலையும் பில்லையும் இன்னொரு மிஷினில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒயரைக் கழற்றினேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மதியத்துக்குள் மிஷின் சுத்தமாக, வெறுமையாக, ஒரு டிசைனும் இல்லாமல் நின்றது. பலர் இந்த இடத்தில் பில் எழுதுவார்கள்.

"வேற எங்கயாவது காப்பி இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் டிசைனு இந்த ரூம தாண்டி எங்கியும் கெடையாது மேடம். நான் வுட மாட்டேன்."

இதைத் துக்கமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். ஏன் என்று புரிய, அங்கே இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நெசவாளி சேலையை முடித்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது பென் டிரைவையும் திருப்பித் தர வேண்டும். தட்சிணாமூர்த்தி சேலையைப் பிரிப்பதற்கு முன்னால், "பெட்டியில அழிச்சாச்சா?" என்று கேட்பார். "அழிச்சாச்சு மொதலாளி" என்று நெசவாளி சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த பாவு. டிசைன் திருட்டுப் போய்விடும் என்ற பயம். பயத்திலும் நியாயம் உண்டு. ஒரு டிசைன் அடுத்தவன் தறியில் ஏறிவிட்டால், மாதக்கணக்கில் வரைந்ததெல்லாம் வீண். போன வருஷம் அவருடைய கரை டிசைன் ஒன்று வேறு ஊர்க் கடையில் தொங்கியது. அதை நெய்தது ஏகாம்பரம் என்பவரின் தறி மட்டும்தான். அவர்தான் விற்றிருப்பார் என்று தட்சிணாமூர்த்தி முடிவு கட்டி, அன்றிலிருந்து அவருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். விசாரணை எதுவும் கிடையாது. ஏகாம்பரம் விற்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

ஆக, திருட்டுப் போகக் கூடாது என்று ஒரே இடத்தில் பூட்டி வைத்தார். ஒரே இடத்தில் இருந்ததால் ஒரே நாளில் போய்விட்டது. திருட்டுக்குக் காவல் வேறு, தொலைந்து போகாமல் காப்பது வேறு. ஒன்றுக்குக் காப்பி குறைய வேண்டும், மற்றதுக்குக் காப்பி கூட வேண்டும். இரண்டையும் ஒரே பூட்டில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள்.

"நெசவாளிங்க பெட்டியில இருக்கலாமே?" என்றேன்.

"அழிச்சாச்சுன்னு சொன்னாங்களே."

"கேட்டுப் பாருங்க."

உடனே போனை எடுத்து நெசவாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினார். "யாரு பெட்டியிலயாவது பழைய டிசைனு இருந்தா ஒடனே எடுத்துகினு வாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். ஒன்றும் சொல்லமாட்டேன் என்பதை அவர் சொன்ன குரலைக் கேட்டால் நானே அழித்திருப்பேன். சிறிது நேரத்தில் பதில்கள் வரிசையாக வந்தன. அழிச்சாச்சு மொதலாளி. அழிச்சாச்சுங்க. கும்பிடும் கை. அழிச்சாச்சு. கும்பிடும் கை.

"பாத்தீங்களா, நேர்மையானவங்க" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீங்க எப்பவும் கேக்கற கேள்விய கேட்டீங்க. அவங்க எப்பவும் சொல்ற பதில சொல்றாங்க" என்றேன்.

டிசைன்கள் அங்கே இருக்கின்றன என்று எனக்கு நிச்சயம் தெரியாது. ஆனால் மனிதர்களைத் தெரியும். யார்தான் எதை அழிக்கிறார்கள்? உங்கள் போனில் இருக்கும் காலை வணக்கப் படங்களையே நீங்கள் அழித்ததில்லை. சிரமம் என்னவென்றால், வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், இத்தனை வருஷம் பொய் சொன்னேன் என்று சொன்னதாகிவிடும். ஏகாம்பரத்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோப்புகளை மீட்க எந்த மென்பொருளும் கிடையாது. யாரும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பதற்கு ஒரு வழி செய்தால்தான் உண்டு.

ஜெயந்தியிடம் சொன்னேன், முள்ளிப்பட்டில் உனக்குத் தெரிந்த பெண்களிடம் இப்படிச் சொல். முதலாளி வீட்டு மிஷினில் வைரஸ் வந்திருக்கிறது, அது உங்கள் வீடுகளில் இருக்கும் பென் டிரைவுகளுக்கும் வந்திருக்கலாம், தறிப் பெட்டிக்குப் போனால் பெட்டி கெட்டுப்போகலாம், நாளைக் காலை கம்ப்யூட்டர் மேடம் பஸ் ஸ்டாப் பக்கத்துச் செராக்ஸ் கடையில் உட்கார்ந்து இலவசமாகச் சுத்தம் செய்து தருவார், யார் பேரையும் கேட்கமாட்டார். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பென் டிரைவ் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் புது மிஷினைத் திறந்துவிட்டால் அழுக்கு அதே வழியில் திரும்பி வரும், அது நிஜமாகவே செய்ய வேண்டிய வேலை. தட்சிணாமூர்த்தியிடம், நீங்கள் முள்ளிப்பட்டுப் பக்கமே வரக் கூடாது, யார் கொடுத்தார் என்று என்னைக் கேட்கவும் கூடாது என்றேன். சரி என்றார். அவர் சரி என்ற வேகத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துப் போனேன். புது மிஷினை இதற்குத் தொடக் கூடாது. கெட்டுப்போனாலும் அழத் தேவையில்லாத ஒரு மிஷினை எப்போதும் கடையில் வைத்திருங்கள். முதலில் யாரும் வரவில்லை. செராக்ஸ் கடைக்காரர் ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெண் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பென் டிரைவை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுல பழைய டிசைன் ஏதாவது இருந்தா நான் எடுத்துக்குவேன்மா. யாரோடதுன்னு பாக்க மாட்டேன்" என்று சொன்னேன்.

"அதெல்லாம் இருக்காதுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருந்தா எடுத்துக்கோங்க" என்றாள்.

இருந்தது. நிறையவே இருந்தது. அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் இருக்காது என்றார்கள், எல்லோரிடமும் இருந்தது. ஒருவர், "பசங்க எதாவது ஏத்தியிருப்பாங்க" என்று மூன்று வயதுப் பேரனைக் காட்டினார். காலையில் பெட்டியிலிருந்து புதிதாக இறக்கிய கோப்புகள் என்று தேதி சொன்னது. நான் தேதியைப் படிக்காத மாதிரி இருந்தேன்.

ஒன்று கவனித்தேன். தறிப் பெட்டி டிசைனை வெளியே எழுதும்போது தன்னுடைய எண்ணையும் கூடவே ஒரு ஓரத்தில் எழுதிவிடுகிறது. எந்தப் பெட்டி யார் வீட்டில் என்று தட்சிணாமூர்த்திக்குத் தெரியும். யாரோடது என்று பார்க்கமாட்டேன் என்று நான் சொன்னது பொய்யாகிவிடும். அங்கேயே ஒவ்வொன்றிலும் அதை நீக்கிவிட்டு, பெயரையும் மாற்றித்தான் எடுத்துக்கொண்டேன். வரிசை நீண்டது, இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அன்று நான் செய்ததில் கஷ்டமான வேலை இதுதான். தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, அவசரத்தில் இதை விட்டுவிடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மதியத்துக்கு மேல் ஜெயந்தி வந்து திரையில் டிசைன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலான டிசைன்கள் வந்துவிட்டன. அவளே மறந்துபோனவைகூட வந்திருந்தன. கல்யாண வீட்டார் கேட்ட டிசைன் மட்டும் இல்லை.

"அது வராது மேடம்" என்றாள்.

"ஏன்?"

"அது ஒரே தறியிலதான் நெய்ஞ்சது. முந்தானை நல்லா எழும்புதுன்னு மாதிரிச் சேலையெல்லாம் மொதலாளி அந்தத் தறிக்குத்தான் குடுப்பாரு." சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "ஏகாம்பரம் அண்ணன் தறி."

அவரிடம் போய்க் கேட்கலாமா என்று யோசித்தேன். என்ன சொல்லிக் கேட்பது? உங்கள் சோற்றில் கை வைத்தவருக்குச் சோறு போகாமல் இருக்க உதவி செய்யுங்கள் என்றா? லேப்டாப்பை மூடி பையில் வைத்தேன். என் வேலை இங்கே முடிந்தது என்று நினைத்தேன், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்போது அவர் வந்தார். கைலியும் பனியனுமாக, சைக்கிளைச் செராக்ஸ் கடை வாசலிலேயே நிறுத்தினார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் போல அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கல்யாண டிசைனு இதுல இருக்குது. நான் ஏகாம்பரம்."

"பேர் சொல்ல வேணாங்க. நான் யார் பேரையும் வாங்கிக்கல."

"மத்தவங்களுக்குப் பாவு போயிடும், அதான் சொல்லல. எனக்குப் போறதுக்கு என்ன இருக்குது? பேர சொல்லிடுங்க."

பென் டிரைவை மாட்டினேன். ஜெயந்தி ஒரு பார்வையில் தலையை ஆட்டினாள். அதுதான். முந்தானை, உடல், கரை எல்லாம் இருந்தது.

"அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன்னு சொன்னேன். அழிக்கல" என்றார் ஏகாம்பரம். "விக்கவும் இல்ல. அத மட்டும் அந்த மிஷினப் பாத்து அவருக்கு நீங்க சொல்ல முடியுங்களா?"

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் மனசு சொல்லும். எனக்கும் சொல்லியது.

"முடியாதுங்க. நீங்க வெச்சிருந்தீங்கன்னு மட்டுந்தான் இது சொல்லும். விக்கலன்னு எந்த மிஷினும் சொல்லாது."

"சரி. அது சொல்றத சொல்லுங்க" என்றார்.

"எதுக்குங்க குடுக்கறீங்க அப்ப?" என்று ஜெயந்தி கேட்டுவிட்டாள்.

"எதிர்வூட்ல பாவ ஏத்திட்டு ரெண்டு நாளா சும்மா குந்திகினு இருக்காங்க. தறிச் சத்தமே இல்ல. எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு, சுத்தம் செய்த பென் டிரைவை வாங்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நேரே தட்சிணாமூர்த்தி வீட்டுக்குப் போனோம். டிசைன்களைப் புது மிஷினில் ஏற்றினேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, நான் நினைத்தபடியே கேட்டார்.

"யார் யார் குடுத்தாங்க?"

"பென் டிரைவுக்கு மூஞ்சி கெடையாதுங்க. ஒருத்தர் மட்டும் பேர் சொல்லச் சொன்னார். கல்யாண டிசைன் ஏகாம்பரம் குடுத்தது."

நாற்காலியில் சாய்ந்தார். முகம் இறுகியது. "அப்ப அவன் அழிக்கல. என் மூஞ்சிக்கு நேரா அழிச்சேன்னு சொன்னான். நான் நெனச்சது சரிதான்."

எனக்குக் கோபம் வந்தது. வேலையிடத்தில் நான் கோபப்படுகிறவள் இல்லை. அன்று வந்தது.

"பாவு இல்லாம அவர் சும்மா இருந்த காலம் பூரா இந்த டிசைன் அவர் பெட்டியிலதாங்க இருந்துச்சி. கல்யாண வீடு எடுக்கற டிசைன். வித்திருந்தா யாரா இருந்தாலும் வாங்கியிருப்பாங்க. எங்கயாவது வந்துச்சா?"

அவர் திரையிலிருந்த முந்தானையை மறுபடியும் பார்த்தார்.

"அந்த ரிமோட்டு எப்ப போட்டது?" என்று ஜெயந்தியைக் கேட்டேன்.

"சாஃப்ட்வேர் வாங்கினதுலேருந்தே இருக்குது மேடம்."

தட்சிணாமூர்த்தி மெதுவாகத் திரும்பினார். "அப்ப அந்தக் கரை டிசைனு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியாதுங்க. யார் எடுத்தாங்கன்னு நான் சொல்ல முடியாது. கதவு அப்பவும் தொறந்துதான் இருந்துச்சி."

இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அங்கே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் யோசித்துக்கொள்வார்கள். அவர் வெகுநேரம் யோசித்தார். ஜெயந்தி அதற்குள் பென் டிரைவுகளைத் தயார் செய்துவிட்டாள்.

மறுநாள் தறிப் பெட்டிகளில் டிசைன் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க நான் முள்ளிப்பட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தட்சிணாமூர்த்தியும் வந்தார். ஒவ்வொரு வீடாகத் தறி ஓட ஆரம்பித்தது. கடைசியில் ஏகாம்பரம் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே தறியில் வேறு ஒரு முதலாளியின் மலிவான பாவு ஏறியிருந்தது. ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி குடித்தார். மன்னிப்பு அது இது என்று எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வாய் இல்லை அவருக்கு.

ஏகாம்பரம்தான் பேசினார். கிண்டலாகவா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மொதலாளி, பெட்டியில அத இப்ப அழிச்சிடட்டுங்களா?"

தட்சிணாமூர்த்தி தம்ளரைக் கீழே வைத்தார். "வேணாம். இருக்கட்டும்" என்றார்.

கல்யாணச் சேலைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தட்சிணாமூர்த்தி திரும்பவும் பாவு கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். ஏகாம்பரம் வாங்கவில்லை. வேறு இடத்தில் கை நனைத்துவிட்டேன் என்று மட்டும் பதில் வந்தது. தட்சிணாமூர்த்தி ஆள் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. இப்போதும் ஜெயந்தியைச் சத்தம் போடுகிறார். ஆனால் சேலை வாங்கும்போது அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை என்று அவள் சொன்னாள். வாய் வரைக்கும் வருகிறதாம், முழுங்கிக்கொள்கிறாராம்.

சில நாள் கழித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பேக்கப் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். நாம் இல்லாத நாளில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், நீங்களும் எல்லா இடத்திலும் இதைச் செய்யுங்கள். ஜெயந்தி எழுதினாள். அலமாரியில் ஒரு டிஸ்க், முதலாளியின் மகள் வீட்டில் ஒரு டிஸ்க், இரண்டும் வேலை முடிந்ததும் கழற்றிவைக்கப்படும்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். பிறகு தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏகாம்பரம் வூட்ட வுட்டுட்டியே" என்றார்.